கலந்த வாயுவைப் பிரிக்கும் கரைப்பானைத் தேடி

2025 ஏப்ரல் 5ஆம் திகதி, தம்புள்ளையில் 5,000 மெற்றிக் தொன் கொள்ளளவுள்ள வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் களஞ்சியம் ஒன்றை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் கொழும்பிலிருந்து இணையவழியாகத் திறந்துவைத்தார்கள். மாத்தளை மாவட்டத்துக்கு இது சிறிய செய்தி அல்ல. 1999 முதல் நாட்டின் மரக்கறி விலையை நிர்ணயிப்பதில் முன்னிற்கும் சந்தை, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம். இலங்கையில் விளையும் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 சதவீதம் வரை நுகர்வோரைச் சேருமுன் வீணாகிறது என்பது வழமையாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த இழப்பைக் குறைக்கக் குளிர் வேண்டும். குளிர் அறை வேண்டும், குளிரூட்டிய லொறி வேண்டும், கடையில் குளிர்ப்பெட்டி வேண்டும். சீகிரியாவையும் கண்டலமையையும் சுற்றியுள்ள ஹோட்டல்களின் ஏசி, மாத்தளை நகரத்து மருந்தகங்களின் ஃபிரிஜ், வீதியில் ஓடும் வாகனங்களின் ஏசி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மாவட்டத்தின் குழாய்களுக்குள் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் குளிரூட்டும் வாயுவின் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும்.

அந்த வாயு ஒருநாள் வெளியே வந்தாக வேண்டும். இயந்திரம் பழுதாகும், பழசாகும், கழற்றப்படும். அப்போது அது எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. உலகின் சில ஆய்வுகூடங்களில் வேதியியலாளர்களும் கணினி வல்லுநர்களும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கும் ஒரு கரைப்பானுக்கும் தம்புள்ளையில் கழற்றப்படும் ஒரு கொம்பிரசருக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அந்தத் தொடர்பில் எங்கள் பக்கம் ஓர் இடைவெளியும் இருக்கிறது.

திருத்துநர்கள் 'காஸ்' என்று ஒரே சொல்லால் அழைப்பது உண்மையில் பல பொருள்கள். பழைய ஏசிகளில் ஆர்-22. அதற்கு அடுத்த தலைமுறையில் ஆர்-410ஏ. வாகனங்களிலும் முந்தைய வீட்டு ஃபிரிஜ்களிலும் ஆர்-134ஏ. குளிர் அறைகளிலும் குளிரூட்டிய லொறிகளிலும் உலகெங்கும் அதிகம் பயன்பட்டது ஆர்-404ஏ. இவற்றில் ஆர்-410ஏ தனிப் பொருள் அல்ல. ஆர்-32, ஆர்-125 என்ற இரண்டையும் திணிவில் சரிபாதியாகக் கலந்தது. ஆர்-404ஏ மூன்றின் கலவை: ஆர்-125 44 சதவீதம், ஆர்-143ஏ 52 சதவீதம், ஆர்-134ஏ 4 சதவீதம். ஏன் கலக்க வேண்டும்? ஆர்-32 நன்றாகக் குளிரூட்டும், ஆனால் மெல்லத் தீப்பற்றக்கூடியது. ஆர்-125 தீயை அணைக்கும் இயல்புள்ளது. தீயணைப்புத் தொகுதிகளிலேயே அது பயன்படுகிறது. இரண்டையும் கலந்தால் தீப்பற்றாத, திறனுள்ள வாயு கிடைக்கும். அந்தக் காலத்துக்கு அது நல்ல தீர்வு.

அந்தத் தீர்வின் விலை வளிமண்டலத்தில் தெரிந்தது. ஒரு கிலோ காபனீரொட்சைட்டு நூறு ஆண்டுகளில் பூமியைச் சூடாக்கும் அளவை 1 என்று கொண்டால், ஆர்-32 675, ஆர்-125 3,500, ஆர்-410ஏ 2,088, ஆர்-404ஏ 3,922. ஒரு சாதாரண அறை ஏசியில் உள்ள ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால், இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டை வெளியிட்டதற்குச் சமம்.

குளிரூட்டும் வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் என்பதை உலகுக்கு முதலில் கணக்கிட்டுக் காட்டியவர் ஒரு தமிழர் என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் இராமநாதன், செகந்தராபாத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து வாயு ஏன் இவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. பிறகு அமெரிக்கா சென்று வளிமண்டல இயற்பியலுக்குள் நுழைந்தார். 1975இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான அவரது கட்டுரை, அக்காலக் குளிரூட்டும் வாயுக்களான குளோரோபுளோரோகாபன்கள் ஓசோனைக் கெடுப்பது மட்டுமல்ல, மூலக்கூறுக்கு மூலக்கூறு காபனீரொட்சைட்டைவிடப் பல்லாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று காட்டியது. கசிவை நிறுத்தச் சொல்லி வேலைக்கு வைக்கப்பட்ட ஓர் இளம் பொறியாளர், கசிந்தது எங்கே போய் என்ன செய்கிறது என்பதைக் கண்டுசொன்னார்.

அந்த அறிவு சட்டமாவதற்கு நீண்ட காலம் பிடித்தது. 1987 மொன்றியல் உடன்படிக்கை ஓசோனைக் காத்தது; இலங்கை 1989 டிசம்பரில் அதில் சேர்ந்தது. ஓசோனுக்குத் தீங்கில்லாத, ஆனால் சூடேற்றும் வாயுக்களை 2016 ஒக்டோபரில் கிகாலியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. இலங்கை 2018இல் அதற்கு ஒப்புதல் வழங்கியது. அதன்படி எங்கள் நுகர்வு 2024இல் உறைநிலைக்கு, அதாவது அதற்குமேல் கூடக்கூடாத நிலைக்கு, வந்தது. 2029இல் 10 சதவீதம், 2035இல் 30, 2040இல் 50, 2045இல் 80 சதவீதம் என்று குறைய வேண்டும். இந்தியாவுக்கு உறைநிலையே 2028இல்தான். எங்கள் கடிகாரம் நான்கு ஆண்டு முந்தி ஓடுகிறது. இந்த வாயுக்களை இலங்கை உற்பத்தி செய்வதில்லை. முழுவதும் இறக்குமதி. ஆகவே எங்களுக்கு நுகர்வுக் குறைப்பு என்றால் இறக்குமதிக் குறைப்பு என்றே பொருள். ஒரு பக்கம் தம்புள்ளைக்குக் குளிர் கூட வேண்டும். மறுபக்கம் குளிர் தரும் வாயு குறைய வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி உடன்படிக்கையின் கணக்கு முறையிலேயே இருக்கிறது. பயன்படுத்தப்பட்டு மீட்டெடுக்கப்பட்ட வாயு நாட்டின் நுகர்வுக் கணக்கில் சேர்வதில்லை. பழைய இயந்திரத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஒவ்வொரு கிலோவும் ஒதுக்கீட்டுக்கு வெளியே கிடைக்கும் கிலோ. அதிலும் ஆர்-410ஏயை அதன் இரு கூறுகளாகப் பிரிக்க முடிந்தால் பயன் இன்னும் கூடும். ஒரு தொன் ஆர்-410ஏயில் அரைத் தொன் ஆர்-32 இருக்கிறது. இன்று விற்பனைக்கு வரும் புதிய ஏசிகள் பலவற்றுக்கு அதுதான் தனி வாயு. மீதி அரைத் தொன் ஆர்-125 அந்தக் கலவையின் சூடேற்றும் வலுவில் ஏறக்குறைய 84 சதவீதத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறது. அதைத் தனியே பிடித்துவிட்டால் அழிக்கலாம், அல்லது வேறு பொருளுக்கு மூலப்பொருளாக்கலாம். நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைக் கட்டிப்போடும் வாய்ப்பு இது.

ஆனால் பிரிப்பது கடினம். சுளகில் புடைத்தால் தானியத்திலிருந்து பதர் பிரியும். எடை வேறுபடுவதால் அது முடிகிறது. காய்ச்சி வடித்தலும் அப்படித்தான், அங்கே வேறுபட வேண்டியது கொதிநிலை. ஆர்-32 கொதிப்பது மறை 51.7 பாகை செல்சியசில். ஆர்-125 மறை 48.1 பாகையில். மூன்றரைப் பாகைக்குச் சற்று மேற்பட்ட இடைவெளி. அதோடு, சரிபாதிக் கலவையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பொருளைப் போலச் சேர்ந்தே ஆவியாகின்றன. குளிரூட்டும் பொறியாளருக்கு இது வசதி; கசிந்தாலும் கலவையின் விகிதம் பெரிதாக மாறாது. பிரிக்க வருபவருக்கு அதுவே தடை. ஆர்-404ஏ இன்னும் மோசம்: ஆர்-125க்கும் ஆர்-143ஏக்கும் கொதிநிலையில் ஒரு பாகை வித்தியாசம்கூட இல்லை.

இங்கேதான் கரைப்பான் வருகிறது. இரண்டு வாயுக்களில் ஒன்றை மட்டும் விரும்பிப் பிடித்துவைக்கும் திரவம் ஒன்றை வடிகோபுரத்தின் மேலிருந்து ஊற்றினால், பிடிபடாத வாயு மேலே செல்லும். பிடிபட்டது திரவத்தோடு கீழே இறங்கும். பிறகு சூடாக்கி அதையும் வெளியேற்றிவிட்டுத் திரவத்தை மறுபடி மேலே அனுப்பலாம். பெற்றோலிய ஆலைகளில் இந்த உத்தி பழையது. குளிரூட்டும் வாயுக்களுக்கு இதில் புதிதாகச் சேர்ந்தது அயன் திரவம்: சாதாரண அறை வெப்பநிலையிலேயே உருகிய நிலையில் இருக்கும் உப்பு. உப்பாதலால் அது ஆவியாவதே இல்லை என்று சொல்லலாம். மேலே செல்லும் வாயுவை அது மாசுபடுத்தாது.

டியூபொன்ட் நிறுவனத்தில் பணியாற்றிய மார்க் ஷிப்லெட், அகிமிச்சி யோகோசெக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட அளவீடுகள் இத்துறைக்கு அடித்தளம். இமிடசோலியம் வகை அயன் திரவங்களில் பல குளிரூட்டும் வாயுக்களைக் கரைத்துப் பார்த்தார்கள். ஆர்-32 மிக அதிகமாகக் கரைந்தது. ஆர்-143ஏ குறைவாகக் கரைந்தது. காரணம் மூலக்கூறின் அமைப்பில் இருக்கிறது. ஆர்-32 சிறியது, ஒரு காபனில் இரண்டு ஐதரசனும் இரண்டு புளோரினும். புளோரின் இலத்திரனை இழுத்துக்கொள்வதால் ஐதரசன்கள் சற்று நேரேற்றம் பெற்று, உப்பின் எதிரேற்ற அயனோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆர்-125இல் இரண்டு காபன், ஐந்து புளோரின், ஒரே ஓர் ஐதரசன். பருமனும் கூட.

எந்த நேரேற்ற அயனை எந்த எதிரேற்ற அயனோடு சேர்த்தால் இந்த விருப்ப வேறுபாடு மிகப் பெரிதாகும்? ஆயிரம் நேரேற்ற அயன்களும் நூறு எதிரேற்ற அயன்களும் கைவசம் இருப்பதாக வைத்துக்கொண்டால் ஓர் இலட்சம் சோடிகள். ஒவ்வொன்றையும் ஐந்து வெப்பநிலையில், பத்து அமுக்கத்தில், ஒரு வாயுவுக்கு அளப்பதென்றால் 50 இலட்சம் அளவீடுகள். நுண்தராசில் திரவத்தை வைத்து வாயு உறிஞ்சப்படுவதைப் பார்த்து, எடை அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பதுதான் நம்பகமான முறை. பிசுக்குமை கூடிய திரவமானால் ஒரு புள்ளிக்கே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எந்த ஆய்வுகூடத்துக்கும் அத்தனை ஆயுள் இல்லை.

தரவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ளும் முறையான இயந்திரக் கற்றல் இந்தத் தேடலுக்குள் நுழைந்த விதங்களில் மூன்றை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். முதலாவது நேரடியானது. ஸ்பெயினின் சந்தாந்தேர் நகரில் உள்ள கந்தாப்ரியா பல்கலைக்கழகத்தில் ஆனே உர்தியாகாவின் குழு, அதுவரை உலகில் அளந்து வெளியிடப்பட்ட ஆயிரக்கணக்கான கரைதிறன் அளவீடுகளைத் திரட்டி, ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பைப் பயிற்றுவித்து 2022இல் வெளியிட்டது. வாயுவின் சில அடிப்படை இயல்புகள், திரவத்தின் சில இயல்புகள், வெப்பநிலை, அமுக்கம் ஆகியவற்றைக் கொடுத்தால் எவ்வளவு கரையும் என்று அது கூறும். ஆய்வுகூடத்தில் நாட்கணக்கில் எடுக்கும் பதிலின் மதிப்பீடு நொடியில் கிடைக்கிறது.

இரண்டாவது, கணினி உருவகத்தைத் திருத்துவது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் கணினியில் நடத்திப் பார்க்கலாம்; ஆனால் அந்த விசைகளுக்கான எண்கள் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேகின், அலெக்சாண்டர் டவ்லிங் குழுவினர் 2021இல் ஆர்-32க்கும் ஆர்-125க்கும் இதைத்தான் செய்தார்கள். ஒவ்வொரு எண் தொகுப்பையும் உருவகத்தில் ஓட்டிப் பார்ப்பதற்குப் பதிலாக, சிலவற்றை மட்டும் ஓட்டி, அவற்றிலிருந்து கவுசியச் செயல்முறை என்ற புள்ளியியல் மாதிரியைக் கற்பித்து, பெருந்தொகையான தெரிவுகளை அதன்மூலம் சலித்தெடுத்தார்கள். கவுசியச் செயல்முறைக்கு ஒரு நற்குணம் உண்டு. விடையோடு சேர்த்து, அந்த விடையில் தனக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதையும் அது சொல்லும்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியின் கைசர்ஸ்லவுடர்ன் நகரில் பேபியன் ஜிராசெக், ஹான்ஸ் ஹாசே முதலியோர் 2020இல் காட்டிய வழி. கரைபொருள்களை நிரைகளாகவும் கரைப்பான்களை நிரல்களாகவும் வைத்து ஒரு பெரிய அட்டவணை போட்டால், அளக்கப்பட்ட கட்டங்கள் கொஞ்சம், வெற்றுக் கட்டங்கள் மிக அதிகம். நிரம்பிய கட்டங்களின் ஒழுங்கிலிருந்தே வெற்றுக் கட்டங்களை ஊகிக்கச் சொன்னார்கள். மூலக்கூறின் அமைப்பைப் பற்றி மாதிரிக்கு எதுவும் சொல்லப்படவில்லை. இருந்தும் அது நல்ல ஊகங்களைத் தந்தது. இது குளிரூட்டும் வாயுக்களுக்காகச் செய்யப்பட்ட ஆய்வு அல்ல. ஆனால் ஓர் உண்மையை இது தெளிவாக்குகிறது: எங்கே அளவீடு இருக்கிறதோ அங்கே அறிவு பரவும், ஒரு நிரை முழுவதும் வெறுமையாக இருந்தால் எந்தக் கணிதமும் அதை நிரப்பாது.

இத்துறைக் கட்டுரைகளைப் படிக்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கணிப்பின் பிழை மிகச் சிறியது என்று ஓர் ஆய்வு கூறினால், எதை ஒளித்துவைத்துச் சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும். ஒரே திரவத்தின் 25 பாகை அளவீட்டைப் பயிற்சிக்கும் 35 பாகை அளவீட்டைச் சோதனைக்கும் வைத்தால், மாதிரி கிட்டத்தட்டப் பார்த்த விடையையே எழுதுகிறது. ஒரு திரவத்தை முழுவதுமாக மறைத்துவைத்து, அதை முதன்முறையாகக் காணும்போது என்ன சொல்கிறது என்று பார்ப்பதே நேர்மையான தேர்வு. புதிய கரைப்பானைத் தேடுபவருக்குப் பயன்படுவதும் அந்தத் தேர்வுதான். இயந்திரம் அளவீட்டை இல்லாமல் செய்துவிடும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. இலட்சம் சோடிகளில் எந்த இருபதை அளப்பது என்று சொல்வதே அதன் வேலை; அதைச் செய்தாலே அது பெரிய வேலை.

அதிகமாகக் கரைப்பது மட்டும் நல்ல கரைப்பானின் இலக்கணம் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வாயுக்களுக்கும் இடையே வேறுபாடு காட்ட வேண்டும். தேன்போல் கெட்டியாக இருந்தால் கோபுரத்தில் ஓடாது. சூடாக்கும்போது சிதையக்கூடாது. ஆரம்பகால அயன் திரவங்கள் சிலவற்றில் இருந்த எக்சாபுளோரோபொஸ்பேற்று அயன், நீரோடு சேர்ந்து சிதைந்தால் ஐதரசன் புளோரைட்டு என்ற கொடிய அரிப்புப் பொருள் வரும். புளோரின் மிகுந்த கரைப்பான்கள் சூழலில் நீண்டகாலம் அழியாமல் நிற்குமோ என்ற கவலையும் உண்டு. ஒரு மாசை அகற்ற இன்னொரு மாசைக் கொண்டுவருவது அறிவு அல்ல. ஆகவே மாதிரிகள் கரைதிறனோடு பிசுக்குமை, நச்சுத்தன்மை, விலை எல்லாவற்றையும் ஒருங்கே எடைபோட வேண்டும். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையில், ஷிப்லெட்டின் வழிநடத்தலில், அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அறக்கட்டளை 2024இல் ஐந்தாண்டுகளுக்கு 26 மில்லியன் டொலர் வழங்கித் தொடக்கிய 'ஏர்த்' என்ற ஆய்வு மையம், வாயுவை மீட்பதிலிருந்து புதிய வாயுவை வடிவமைப்பதுவரை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. ஆய்வுகூடக் குடுவையிலிருந்து வடிகோபுரத்துக்குச் செல்லும் பாதை திறந்துவிட்டது.

இனி மாத்தளைக்கு வருவோம். கான்சசிலும் சந்தாந்தேரிலும் ஆய்வுக்கு எடுக்கப்படுவது பெரும்பாலும் தெரிந்த கலவை. ஆர்-410ஏ என்றால் ஆர்-410ஏ. எங்கள் சிலிண்டருக்குள் வரக்கூடியது அப்படி இருக்காது. ஒரே மீட்புச் சிலிண்டரில் இன்று ஓர் ஏசியின் ஆர்-22, நாளை ஒரு லொறியின் ஆர்-404ஏ, அதற்கடுத்து ஒரு வாகனத்தின் ஆர்-134ஏ என்று இறங்கினால் உள்ளே நான்கு பொருள்கள் சேர்ந்துவிடும். கொம்பிரசர் எண்ணெய், ஈரம், காற்று ஆகியவையும் கூடவே வரும். எண்ணெயையும் ஈரத்தையும் வடிகட்டி நீக்கலாம். பிற வாயு கலந்திருந்தால் வடிகட்டி உதவாது. மறுபடி விற்கத் தகுதிபெற ஏ.எச்.ஆர்.ஐ 700 என்ற குளிரூட்டும் வாயுத் தரநிலை கேட்பது 99.5 சதவீதத் தூய்மை. கலந்த சிலிண்டர் அந்த வாசலைத் தாண்டாது. காசு கொடுத்து எரிக்க வேண்டிய கழிவாகிவிடும். அந்தக் காசைக் கொடுக்க ஆளில்லாதபோது வால்வு திறக்கப்படும். வளரும் நாடுகள் பலவற்றில் நடப்பது இதுதான். திருத்துநரைக் குறைசொல்லிப் பயனில்லை. மீட்கும் இயந்திரமும் தனித்தனிச் சிலிண்டரும் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடமும் அதற்கொரு விலையும் இல்லாதவரை அவர் வேறென்ன செய்வார்?

மாதிரிகளின் பார்வையில் இந்தக் கலவை வெறுமையான நிரை. உலகில் உள்ள கரைதிறன் அளவீடுகள் ஆர்-32, ஆர்-125, ஆர்-134ஏ போன்ற சிலவற்றைச் சுற்றியே குவிந்திருக்கின்றன; அவையும் பெரும்பாலும் ஒற்றை வாயுவாக அளக்கப்பட்டவை. நான்கு வாயு ஒன்றாக இருக்கும்போது ஒன்றின் இடத்தை மற்றொன்று எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு அளவீடு மிகக் குறைவு. பணக்கார நாடுகளின் கழிவுக்கு ஏற்ற கரைப்பான் முதலில் கண்டுபிடிக்கப்படும். எங்கள் கழிவுக்கு ஏற்றது யாராவது எங்கள் கழிவை அளந்தால்தான் கண்டுபிடிக்கப்படும்.

அந்த அளவீட்டுக்கு வடிகோபுரம் தேவையில்லை. கலவையின் கூறுகளைப் பிரித்தளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவி ஒன்று போதும். மாத்தளையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயன மற்றும் செயன்முறைப் பொறியியல் துறை இருக்கிறது, மொரட்டுவையிலும் இருக்கிறது. கணினி மாதிரிகளுக்கு வேண்டிய மென்பொருள்கள் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. தம்புள்ளை, மாத்தளை, கலேவெல, நாவுல பகுதிகளின் திருத்துநர்களிடமிருந்து சிலிண்டர் மாதிரிகளை வாங்கி, உள்ளே உண்மையில் எந்த வாயு எத்தனை சதவீதம் என்று அளந்து வெளியிட்டால், அது ஒரு மாணவரின் முதுகலை ஆய்வுக்குத் தகுந்த அளவான வேலை. அதன் பயன் இந்த மாவட்டத்தோடு நின்றுவிடாது. நெல்லூரிலும் நைரோபியிலும் உள்ள சிலிண்டருக்கும் அது பொருந்தும்.

சுற்றாடல் அமைச்சின் தேசிய ஓசோன் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள்: 2029இன் முதல் வெட்டு வருமுன், புதிய குளிர்க் களஞ்சியம் எழுந்த தம்புள்ளையிலேயே ஒரு மீட்பு நிலையத்தைத் தொடங்குங்கள். வாயுவுக்கொரு சிலிண்டர், சிலிண்டருக்கொரு பெயர்ச்சீட்டு, திருப்பிக் கொடுப்பவருக்குக் கிலோவுக்கு ஒரு விலை என்று வையுங்கள். திருத்துநர் தோழர்களுக்கும் ஒன்று: பிரிக்கும் கரைப்பான் வந்துகொண்டிருக்கிறது, அதுவரை ஒரு காஸின் மேல் இன்னொரு காஸை இறக்காதீர்கள்.